சமத்துப் பிள்ளைனு தூங்க விடுறீங்களா? கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளும், குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தமும்!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பச்சைப்பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் நற்சான்று, அது அழுவதில்லை என்பதுதான். "ராத்திரி ஒரு சத்தம் இல்லை. பாலைக் குடிச்சா தூங்கிருது. அம்புட்டு சமத்து" என்று அம்மாச்சி சொல்லும்போது, பிள்ளை பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். விடிய விடியத் தொட்டில் ஆட்டிய கதை அவரவர் வீட்டில் அவரவருக்கு.

பெரும்பாலான வீடுகளில் அம்மாச்சி சொல்வது சரிதான். பிறந்த குழந்தை ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கும். அது இயல்பு. ஆனால், ஏறத்தாழ ஆயிரம் வீடுகளில் ஒரு வீட்டில் அந்தத் தூக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. குழந்தையின் கழுத்தில் இருக்க வேண்டிய தைராய்டு சுரப்பி உருவாகவே இல்லை. அல்லது உருவாகியும் சரியாக வேலை செய்யவில்லை. பிறவி தைராய்டு குறைபாடு என்று பெயர்.

இதைக் கண்டுபிடிக்கக் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். சரிசெய்ய தினமும் ஒரு சின்ன மாத்திரை போதும். ஆனால், மாத்திரையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். மாதக்கணக்கில் தாமதமானால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் போனது திரும்ப வராது. பிள்ளை வளரும், நடக்கும், ஆனால் எல்லாம் தாமதமாக. பள்ளிக்கூடத்தில் பின்தங்கும். சில பிள்ளைகளுக்குப் பேச்சே சரியாக வராது. இரண்டு வாரம் என்பது இந்த ஊர்களில் தீட்டுக் கழிக்கிற கணக்குக்குள் அடங்கிவிடும் காலம். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்கும்போது, அந்தப் பிள்ளைக்கான கெடு முடிந்திருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வைத்தியம்

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னமனூர், கோம்பை, தேவாரம், கூடலூர் என்று எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடு. மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மருமகனுக்கு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. சுகப்பிரசவம். பிள்ளை மூன்று கிலோ. மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, ஆரத்தி எடுத்து, கூடத்தின் மூலையில் பழைய சேலையில் தூளி கட்டியாயிற்று.

நான்காம் நாள் பிள்ளையின் கண் மஞ்சளாகத் தெரிகிறது. "காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டுத்தா, வடிஞ்சிரும்" என்கிறார் பக்கத்து வீட்டு மதினி. பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் பூக்கும். இரண்டு வாரத்தில் வடிந்தும் விடும். இந்தப் பிள்ளைக்கு வடியவில்லை. வெயில் நேரத்தைக் கூட்டுகிறார்கள்.

மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைத்ததும் போகிறது. வீட்டுக்கு நிம்மதி.

தொப்புள் துருத்தி நிற்கிறது. ஒரு ரூபாய்க் காசைத் துணியில் மடித்து, அதன்மேல் வைத்து, வயிற்றைச் சுற்றி ஒரு கட்டு.

எப்போதாவது அழும் அழுகையும் கரகரவென்று இருக்கிறது. "தொண்டை கட்டிருக்கு" என்று வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுகிறார், பார்க்க வந்த அப்பத்தா. இரவில் வசம்பின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், 'பிள்ளை வளர்ப்பான்' என்பார்கள். அவ்வளவு நம்பிக்கை அதன்மேல். (இதையெல்லாம் நாக்கில் வைக்கவே கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது தனிக் கதை.)

நாக்கு சற்றுப் பெரிதாக, உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. தாய்மாமன் அதை செல்போனில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறான். இருபது பேர் இதயம் அனுப்புகிறார்கள்.

உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கிறது. மலையடிவாரக் காற்று என்று இன்னொரு துணியைச் சுற்றுகிறார்கள். பால் குடிக்கும்போதே தூங்கிப் போகிறது. அதற்குத்தான் சமத்து என்று பட்டம் கொடுத்தாகிவிட்டதே.

வடியாத மஞ்சள், மலச்சிக்கல், தொப்புள் பிதுக்கம், கரகரத்த அழுகை, பெரிய நாக்கு, குளிர்ந்த தோல், எந்நேரமும் தூக்கம். மருத்துவப் பாடப் புத்தகத்தில் பிறவி தைராய்டு குறைபாட்டுக்கான அடையாளங்கள் என்று ஒரே பத்தியில் இருப்பவை இவைதான். அந்த வீட்டில் அத்தனையையும் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றாகப் பார்த்ததால் வரிசையாக வைத்துப் பார்க்க ஆளில்லை. ஒவ்வொரு அடையாளத்தையும் ஒரு கை வைத்தியம் தணித்து அனுப்பிவிட்டது.

இதை வைத்துக் கிராமத்து அறியாமை என்று கிண்டல் செய்வது சுலபம். நியாயம் இல்லை. நன்றாகப் படித்த மருத்துவரே பிறந்த அன்று இந்தப் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தால், பெரும்பாலும் எதுவும் தெரியாது. வயிற்றில் இருந்தவரை தாயின் தைராய்டு சுரப்பு ஓரளவு நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கையிருப்பில் பிள்ளை முதல் சில நாள்கள் இயல்பாகவே இருக்கும். மேலே சொன்ன அடையாளங்கள் மெள்ள மெள்ளத்தான் வரும். முழுதாகத் தெரிவதற்குள் கெடு தாண்டியிருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான், எந்தக் குறையும் தெரியாத எல்லாக் குழந்தைக்கும் சோதனை செய்ய வேண்டும் என்று உலகம் முடிவுக்கு வந்தது.

ஒரு ஜீப் நிறையப் பிள்ளைகள்

'இது எங்கேயோ லட்சத்தில் ஒருத்தருக்கு வர்றது' என்று தோன்றலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தது. சராசரியாக 1,130 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவி தைராய்டு குறைபாடு. சென்னையில் இது இன்னும் கூடுதல், 727-க்கு ஒன்று. மேலை நாடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 3,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்று. நம் பக்கம் அதைவிட மூன்று, நான்கு மடங்கு.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அகில இந்திய சராசரியை வைத்துக்கொண்டாலே 700, 800 பிள்ளைகள். தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 12 லட்சத்து 45 ஆயிரம். அதிலிருந்து தோராயமாகப் போட்டுப் பார்த்தால், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரும். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஒரு ஜீப்பில் அடங்கிவிடும் எண்ணிக்கை. ஆனால், ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஜீப்.

சிறுநீரில் வந்த பச்சை நிறம்

பிறந்த எல்லாக் குழந்தைக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அதன் வேரில் இருப்பவர்கள், 'இப்படியே இருக்கட்டும்' என்று விட மறுத்த தாய்மார்கள்.

நார்வேயில் போர்க்னி எகெலாண்ட் என்ற பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள். இருவருக்குமே மனவளர்ச்சி குன்றிப்போனது. பிள்ளைகள்மேல் ஒரு விநோத வாடை வீசுவதை அவர் கவனித்திருந்தார். காரணம் கேட்டு மருத்துவர் மருத்துவராக அலைந்தார். 1934-ல் ஐவர் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தார். அவர் வேதியியலும் படித்தவர். ஒரு ரசாயனத்தைக் கலந்தபோது எதிர்பாராத பச்சை நிறம் வந்தது. அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான், உணவிலுள்ள புரதத்தின் ஒரு பகுதியை உடலால் உடைக்க முடியாத நோய் அது என்று கண்டுபிடித்தார். பிறகு அதற்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்று பெயர் வந்தது. சுருக்கமாக பி.கே.யூ. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக்கின் மகளுக்கும் இதே நோய்தான்.

காரணம் தெரிந்ததே தவிர மருந்து இல்லை. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இன்னொரு தாய், ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவரை விடாமல் நச்சரித்தார். 'என் மகளுக்கு ஏதாவது செய்யுங்கள்' என்பதுதான் அவர் கோரிக்கை. அந்தப் பிடிவாதத்தில் பிறந்ததுதான், ஆகாத புரதப் பகுதியை மட்டும் குறைத்த தனி உணவு. அந்த உணவைப் பிறந்தவுடன் தொடங்கினால் பிள்ளை இயல்பாக வளரும். அப்படியானால் பிறந்தவுடன் யாருக்கு நோய் என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி அங்கேதான் வருகிறார். அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. மருமகள் முறையில் ஒரு குழந்தைக்கு பி.கே.யூ. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டை ஒரு தடித்த வடிதாளில் ஒற்றி, காயவைத்து, தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையை 1960-களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்தார். குளிர்பெட்டி வேண்டாம், கண்ணாடிக் குழாய் வேண்டாம். கடிதம் போகும் இடத்துக்கெல்லாம் ரத்தமும் போகும். 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சோதனையைச் சட்டமாக்கியது. 1970-களில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ என்ற மருத்துவர், அதே காய்ந்த ரத்தப் பொட்டில் தைராய்டையும் பார்க்கலாம் என்று காட்டினார். நம் ஊர்க் கணக்குக்கு முக்கியமானது இதுதான். பி.கே.யூ இங்கே அபூர்வம். தைராய்டு குறைபாடு அப்படி இல்லை.

இந்தியாவிலும் 1980-லேயே கர்நாடகத்தில் இப்படி ஒரு முயற்சி தொடங்கியது. கோவாவும் சண்டிகரும் பிறகு செய்து பார்த்தன. ஆனால், நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் ரத்தச் சோதனை என்ற கட்டாயத் திட்டம் இன்னும் வரவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

கம்பத்திலிருந்து குமுளி ஒரு பஸ் தூரம். அங்கே கேரளம் தொடங்கிவிடும். கேரள அரசு தன் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு நான்கு குறைபாடுகளைத் தேடி ரத்தச் சோதனை செய்துவருகிறது. பிறவி தைராய்டு குறைபாடு, பிறவி அட்ரீனல் சுரப்பிக் கோளாறு, ஜி6பிடி நொதிக் குறைவு, பி.கே.யூ. ஆக, இடுக்கித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்தில் பிரசவம் மலைக்கு மேலே நடக்கிறதா, கீழே தாய் வீட்டில் நடக்கிறதா என்பதைப் பொறுத்துப் பிள்ளைக்கு என்ன சோதனை நடக்கிறது என்பது மாறக்கூடும். முல்லைப்பெரியாறு தண்ணீரைப் பற்றி இரண்டு பக்கமும் பேசாத நாளில்லை. இதைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், அரசு மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இடுப்பு மூட்டு விலகல், முதுகுத்தண்டுக் குறை, பிறவிக் கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை என்று பட்டியல் நீளம். மொத்தம் 30 பிரச்னைகள். 18 வயது வரை தொடர்ந்து பார்க்கவும், மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு அனுப்பவும் வழி செய்திருக்கிறார்கள். தைராய்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பட்டியலின் வாலில், வசதிக்கும் தேவைக்கும் ஏற்ப மாநிலங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில். உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரியும். தைராய்டு தெரியாது. தெரியாததை வாலில் வைத்ததுதான் உறுத்துகிறது.

அதனால் கம்பம் அரசு மருத்துவமனையோ, பெரியகுளமோ, கானாவிலக்கு மருத்துவக் கல்லூரியோ, தனியார் மருத்துவமனையோ, வீட்டுக்குக் கிளம்பும் முன் வாயைத் திறந்து கேட்டுவிடுவது நல்லது: "புள்ளைக்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" நர்ஸிடம் 'டி.எஸ்.ஹெச்' என்று சொன்னாலும் புரியும். தனியார் ஆய்வகங்களில் 50-க்கும் மேற்பட்ட நோய்களுக்கு ஒரே தொகுப்பு என்று சில ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் வரும். வசதி இருந்தால் செய்யலாம். கையில் காசு குறைவாக இருந்தால் தைராய்டை முதலில் பாருங்கள். மற்றவற்றை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

நேரமும் முக்கியம். பிறந்த முதல் 24 மணி நேரத்தில் எல்லாக் குழந்தைக்குமே டி.எஸ்.ஹெச் அளவு ஏறி நிற்கும். வயிற்றுக் கதகதப்பிலிருந்து வெளியே வந்த அதிர்ச்சி. அப்போது எடுத்தால் இல்லாத நோயைக் காட்டும். 48 முதல் 72 மணி நேரம் நல்ல நேரம். அதுவரை தங்க முடியாதவர்களுக்கு, பிரசவத்தின்போது தொப்புள் கொடி ரத்தத்தில் தைராய்டை மட்டும் பார்த்துவிடலாம்.

"பச்ச மண்ணுக்கு ஊசியா?" என்று பாட்டிமார் பதறுவார்கள். பாதத்தின் நடுவில் குத்த மாட்டார்கள். குதிகாலின் ஓரத்தில் ஒரு சின்னக் குத்து. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்தால் பிள்ளைக்கு வலி குறைவாகத் தெரியும். தாளில் வரைந்திருக்கும் வட்டங்கள் நிறைய ரத்தம் ஊற வேண்டும். வெயில் படாமல், சாதாரண அறைச் சூட்டில் மூன்று, நான்கு மணி நேரம் காய வேண்டும். அவ்வளவுதான்.

எடுக்காத அந்த போன் கால்

இதில் கோட்டைவிடும் இடம் ஊசியில் இல்லை, அதற்குப் பிறகு இருக்கிறது.

அந்தத் தாளில் பிள்ளையின் பெயர் இருக்காது. இன்னும் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். (பெயர் வைப்பது இந்த ஊர்களில் பெரிய விஷயம். ஜோசியர் கொடுத்த எழுத்து, குலசாமி பெயர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அணை கட்டிய பென்னிகுவிக்கின் பெயரை வைத்த வீடுகளும் உண்டு.) அதனால் 'இன்னாரின் குழந்தை' என்று தாயின் பெயர், ஒரு முகவரி, ஒரு போன் நம்பர். முகவரி எது? ஆதார் அட்டையில் இருப்பது புகுந்த வீட்டு முகவரி. பிள்ளை இருப்பது தாய் வீட்டில். போன் நம்பர் யாருடையது? பிள்ளையின் அப்பாவுடையது. அவர் பகலெல்லாம் டவர் கிடைக்காத தோட்டத்தில். சாயங்காலம் கீழே இறங்கும்போது தெரியாத நம்பரிலிருந்து மூன்று மிஸ்டு கால் இருக்கும். லோன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனியாக இருக்கும் என்று அழித்துவிடுவார்.

அந்த மூன்று மிஸ்டு கால்தான், 'உங்க குழந்தைக்கு டி.எஸ்.ஹெச் கூடுதலா இருக்கு, உடனே வாங்க' என்று சொல்ல வந்தது.

தாளில் எழுதும்போது தாய் வீட்டு நம்பரையும் சேர்த்து இரண்டு நம்பர் கொடுங்கள். ஆய்வகத்தின் நம்பரைக் கேட்டு, அம்மாச்சி போனிலும் பதிந்து வையுங்கள். 'கூப்பிடலைன்னா நல்லதுன்னு அர்த்தம்' என்று இருந்துவிடாமல், ஒரு வாரத்தில் நாமே கூப்பிட்டுக் கேட்கலாம். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி வைத்தால் அவரும் விசாரிப்பார்.

திரும்ப வரச் சொன்னாலே நோய் என்று முடிவுகட்டி ஒப்பாரி வைக்கவும் வேண்டாம். முதல் சோதனை சல்லடை மாதிரி. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் நிறுத்தி வைக்கும். கை நரம்பில் ரத்தம் எடுத்து இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அந்த இரண்டாம் சோதனைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அஷ்டமி, நவமி பார்க்கிற விஷயம் இல்லை இது.

குடலேற்றமும் அந்துருண்டையும்

தைராய்டு மெதுவாகக் கெடுக்கும். பிறவி அட்ரீனல் கோளாறு அவகாசமே தராது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோனைச் செய்யத் தவறுகிறது. பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பின் தோற்றத்தில் வேறுபாடு தெரிந்து, மருத்துவருக்குச் சந்தேகம் வரும். ஆண் குழந்தை பார்க்க அம்சமாக இருக்கும். இரண்டாவது வாரத்தில் திடீரென்று வாந்தி, எடைக் குறைவு, சோர்வு. வீட்டில் குடலேற்றம் என்பார்கள், எண்ணெய் தொட்டுக் குடல் தட்டக் கூட்டிப்போவார்கள். பட்சி தோஷம் என்று மந்திரிப்பார்கள். உடம்பிலிருந்து உப்பு இறங்கிக்கொண்டே இருக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பகல்கூட நீண்ட நேரம். ஐ.சி.எம்.ஆர் ஆய்வில் ஐந்து நகரங்களின் சராசரி 5,762 குழந்தைகளில் ஒன்று. சென்னையில் மட்டும் ஏறத்தாழ 2,000-க்கு ஒன்று. இதற்கும் மாத்திரை இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும், பிள்ளை நன்றாக வளரும்.

ஜி6பிடி குறைவு இன்னொரு வகை. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது, சீண்டாதவரை. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழைய வேட்டிதான் போட வேண்டும் என்பது நம் வழக்கம். மெத்தென்று இருக்கும், நல்ல வழக்கம்தான். அந்த வேட்டி எங்கே இருந்தது? டிரங்குப் பெட்டியில், அந்துருண்டையோடு. அந்த நாப்தலீன் வாடை, ஜி6பிடி குறைவான பிள்ளையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரக்கூடும். பெட்டியில் அந்துருண்டை போடாமல் இருந்தால் போதும். போட்டிருந்தால் அந்தத் துணியைப் பிள்ளைக்கு எடுக்காதீர்கள்.

காது விஷயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே சோதனைதான். தட்டைத் தட்டுவார்கள், பிள்ளை திரும்பும், "நல்லாக் கேக்குது" என்று முடித்துவிடுவார்கள். பிள்ளை அசைவைப் பார்த்தும் திரும்பும். ஓ.ஏ.இ என்ற கருவி தூங்கும் பிள்ளையிடமே சில நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் முழுக்க இருக்கும் கணக்கு. தேவைப்படும் சிறு பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. இரண்டு வயதில் 'இன்னும் பேசலை' என்று வருவதைவிட, இரண்டு மாதத்தில் வருவது எவ்வளவோ மேல். மாதம் முந்தி, எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்க்கச் சொல்வதையும் தள்ளிப்போடக் கூடாது.

யார் வீட்டு ரத்தம்?

சோதனையில் ஏதாவது தெரிந்ததும் முதலில் விழும் கேள்வி, 'இது யார் வீட்டு வழியா வந்துச்சு?' அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டிய வீடாக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கும். அட்ரீனல் கோளாறு, பி.கே.யூ, பிறவிச் செவிட்டுத்தன்மையின் பல வகைகள் ஆகியவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பங்கு வந்தால்தான் வரும். சொந்தத்தில் திருமணம் செய்தால் அந்த வாய்ப்பு கூடுதல் என்பதும் உண்மை. ஆனால், இரண்டு பக்கமும் சரிசமமாகப் பங்கு இருக்கும் விஷயத்தில் மருமகளை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த மரபணுவியலிலும் இல்லை. தைராய்டில் அந்தக் கேள்விக்கே பெரும்பாலும் இடமில்லை. சுரப்பி உருவாகாமல் போவது பல குழந்தைகளுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் தானாக நேர்வது. கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள் என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு வேளை மாத்திரை தவறிப்போகும்.

அந்த மாத்திரைக்கு வருவோம். தைராக்சின். பிள்ளையின் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்று மருத்துவர் கணக்குப் போட்டுத் தருவார். நாளுக்குச் சில ரூபாய்தான் செலவு. மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அது தேவைப்படும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல், சந்தேகமில்லை. ஆனால், அதில் சிறு பங்கில் வாங்கிவிடக்கூடிய மாத்திரை அந்த நிலைமையையே தடுத்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

கொடுப்பதிலும் பக்குவம் இருக்கிறது. மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, ஒரு பாலாடை தாய்ப்பாலில் கலந்து, தினமும் ஒரே நேரத்தில். பாட்டில் நிறையக் கலந்தால் பிள்ளை பாதியில் விட்டுவிடும், மருந்தும் பாதிதான் போயிருக்கும். இரும்புச்சத்து, கால்சியம் டானிக்குகளோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, இடைவெளி விட வேண்டும். முதல் ஆண்டில் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து அளவை மாற்றுவார்கள். 'புள்ள நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இன்னும் மாத்திரை' என்று ஆறாம் மாதத்தில் யாராவது ஒருவர் கேட்பார். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்.

மூன்று வயது வரை அப்படியே போகும். அதற்குள் மூளை வளர்ச்சியின் முக்கியக் கட்டம் தாண்டிவிடும். அதன்பிறகு, சுரப்பி அதன் இடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும், மருத்துவரே சில வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் பார்ப்பார். சில பிள்ளைகளுக்குச் சுரப்பி தானாக வேலை செய்யத் தொடங்கியிருக்கும், அவர்களுக்கு அத்தோடு மாத்திரை முடிந்தது. மற்றப் பிள்ளைகள் காலையில் பல் விளக்கியதும் அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அதே பள்ளிக்கூட வேனில் ஏறிப் போவார்கள்.